மற்றவை

படிவத்தில் எட்டுக் கட்டங்கள்.
ஆற்றோரம். சதுப்பு. வாய்க்கால்.
மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம்.
இப்படியே போய்
கடைசியில், கட்டைவிரல் அகலத்துக்கு:
மற்றவை.

அச்சடித்தவருக்குக் காய்ச்சல் என்றால் கிராமம்.
எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.
தாழ்நிலத்துக்கு அறுவடைக்குப் போய்
பல் தந்தியடிக்கத் திரும்பி வருவார்கள்,
மாத்திரை கொடுத்து அனுப்புவோம்.
டிரே டாவா காய்ந்த ஊர்.
எங்கள் ஆற்றில் வருடம் முழுக்க
மணல்தான் ஓடுகிறது.

இன்று சாபியான் பகுதி.
மழை பெய்து நாலு மாதம்.
ஆறு மாடிக் கட்டடம், ஜன்னல்கள் இன்னும் வரவில்லை.
லிஃப்ட் வரப்போகும் குழியில்
இடுப்பளவு தண்ணீர்.

அகப்பையை இறக்கி எடுத்து
அசையாமல் நிற்க வேண்டும்.
நிழல் விழுந்தால் அடிக்குப் போய்விடும்.
சாக்கடைப் புழு தலைகீழாகத் தொங்கும்;
இவை நீரின் தோலுக்குக் கீழே
மட்டமாகப் படுத்திருக்கும்,
கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்தது போல.
ஒரு அகப்பைக்கு முப்பத்தொன்று.
இரண்டு முறை எண்ணினேன்.

மேஸ்திரி டெரிபே பொல்லாதவர் இல்லை.
நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.
"தளம் பச்சை, குலானி.
அந்தக் குழித் தண்ணீர்தான் மேலே போகிறது.
ஏழு நாள் குடித்தால்தான் இறுகும்.
வெடித்தால் என் தலை."

எனக்கும் அது வெடிக்கக் கூடாது.
பதினோரு வருடமாக மாதாமாதம்
வங்கியில் கட்டுகிறேன், ஒரு வீட்டுக் குலுக்கலுக்காக.
இந்தக் கட்டடமாகவே இருக்கலாம்.
நாலாம் மாடி என்றால் நல்லது,
மலைக்காற்று வரும் என்கிறார்கள்.
மருந்தை அளந்து ஊற்றினேன்.
பக்கத்து மனையில் அடுத்த குழி
தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் மாடியில் காவல்காரர் வர்ஃபா,
முப்பத்தெட்டு டிகிரியில்
சிமெண்ட் சாக்கைப் போர்த்திக்கொண்டு.
விரலில் குத்தினேன். காத்திருந்தோம்.
இரண்டு கோடு.
"தாழ்நிலம் போயிருந்தீர்களா?"
"ரயில் நிலையத்தைத் தாண்டியே
வருஷம் ரெண்டாச்சு, மகளே."
பயணம்: இல்லை.
இந்த மாதம் அந்தச் சொல்லை
பத்தொன்பது முறை எழுதியிருக்கிறேன்.

புதுக் கொசு என்கிறார்கள்.
துறைமுகத்தில் இறங்கி
தண்டவாளத்தோடே வந்ததாம்.
யார் பார்த்தார்கள்?
நீல பஜாஜ் வண்டிகளும் அந்தக் கடலைக் கடந்துதான் வந்தன;
அவற்றுக்காவது எண் பலகை உண்டு.
இதற்கு வயல் வேண்டாம், மழை வேண்டாம்.
தாகமுள்ள ஊர் போதும்,
தண்ணீரைச் சேர்த்து வைக்கும் ஊர்.

மாலை மீதி வீடுகள்.
மொட்டை மாடித் தொட்டி: மற்றவை.
வண்டி கழுவுமிடத்துப் பீப்பாய்: மற்றவை.
பள்ளிக்கூடம் கட்டப் பறித்து, கணக்கு முடியாமல்
அப்படியே விட்ட அஸ்திவாரம்: மற்றவை.
கட்டம் நிறைந்து, ஓரத்தில் எழுதி,
ஓரமும் தீர்ந்தது.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது.
எங்கள் தெருவுக்குக் குழாய்
ஒன்பது நாளுக்கு ஒருமுறை.
முற்றத்தில் என் பீப்பாய்கள் இரண்டு.
ஒன்றின் மூடியை எடுத்துப் போய்
ருஸ்யா மிளகாய் காயப்போட்டிருக்கிறாள்.
எப்போதிலிருந்து என்று கேட்டேன்.
"போன வாரமா?" என்று
என்னையே திருப்பிக் கேட்டாள்.

கால் வலிக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

அகப்பை பையில்தான் இருந்தது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
படிவத்தைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெள்ளை.
முதல் வரியில்
என் வீட்டு எண்ணை எழுதினேன்.